ஒரு சொல்லின் முழுமையும் குறையும்

இளங்குருமடத்தில் நாம் பயின்ற நாள்களில் வாரந்தோறும் ஆங்கிலச் சொல்வதெழுதுதல் நடைபெறும். ஒரு முறை மாற்கு நற்செய்தியிலிருந்து ஒரு பகுதியை ஆசிரியர் வாசித்தார். பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண் ஆண்டவருடைய ஆடையைத் தொட்டு நலம் பெற்ற பகுதி அது. அவளுடைய நம்பிக்கை அவளை ‘ஹோல்’ ஆக்கிற்று என்று அப்பழைய மொழிபெயர்ப்பு கூறும். முழுமை எனப் பொருள்படும் அச்சொல்லை ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துகளால் எழுதவேண்டும். முதல் எழுத்து ஒலிப்பதில்லை. நாமோ காதில் விழுந்தவாறே நான்கு எழுத்துகளில் எழுதிவிட்டோம். அவ்வாறு எழுதினால் அதற்குத் துளை என்று பொருள். ஏட்டைத் திருத்திய ஆசிரியர் சிரித்துவிட்டார். “தம்பி, அந்த அம்மாவை ஆண்டவர் முழுசாக்கினார், நீ ஓட்டை போட்டுட்டியே!”

வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அந்தப் பிழை நம்மை விட்டு அகலவில்லை. குருவாகி இத்தனை ஆண்டுகள் கடந்த பின்னரும், விரிவுரை நூல்களில் அச்சொல்லைக் காணும்போதெல்லாம் அந்த ஏட்டின் சிவப்பு மை நினைவிற்கு வருகிறது. அச்சொல்லையே நம்பி ஒரு நோயாளியின் கட்டிலருகே நாம் பேசிய பேச்சும் உடன் நினைவிற்கு வருகிறது. அதனை உரிய இடத்தில் சொல்வோம். இக்கட்டுரையில் அச்சொல்லின் பிறப்பையும் உறவையும் முதலில் காண்போம். பின்னர், விவிலிய மொழிபெயர்ப்பாளரும் மறையுரையாளரும் அதனைக் கையாண்ட முறையைச் சற்றே சீர்தூக்கிப் பார்ப்போம்.

சொல்லின் குடும்பம்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘ஹால்’ என வழங்கிற்று. ஊறுபடாதது, பழுதற்றது, நோயற்றது, முழுவதுமானது என்பன அதன் பொருள்கள். இன்று முழு நாள், முழு ஊர் என அளவைச் சுட்டும் பொருளே அதில் மேலோங்கி நிற்கிறது. உடல்நலம் என்னும் பழம்பொருள் பின்னடைந்துவிட்டது. ஆனால் அச்சொல்லின் உடன்பிறப்புகள் அப்பொருளை மறக்கவில்லை. குணமாக்குவதைக் குறிக்கும் ‘ஹீல்’ என்பதற்கு முழுதாக்குதல் என்பதே முதற்பொருள். உடல்நலத்தைக் குறிக்கும் ‘ஹெல்த்’ என்பதற்கு முழுதாயிருக்கும் நிலை என்று பொருள். முதுமையிலும் திடமாக நடமாடுபவரைச் சுட்டும் ‘ஹேல்’ என்பது அதே பழஞ்சொல்லின் வடநாட்டு வடிவம். புனிதத்தைக் குறிக்கும் ‘ஹோலி’ என்பதும் இக்குடும்பத்தில் பிறந்ததே.

இந்த உறவு இன்று எளிதில் புலப்படாமைக்கு ஒரு காரணம் எழுத்துமுறை. ஏறத்தாழ 15-ஆம் நூற்றாண்டை ஒட்டி, இச்சொல்லின் முன்னே ‘டபிள்யூ’ என்னும் எழுத்து வந்து ஒட்டிக்கொண்டது. வேர்ச்சொல்லில் அதற்கு இடமில்லை. சில வட்டாரங்களின் உச்சரிப்பை ஒட்டி வந்த அவ்வெழுத்து எழுத்தில் நிலைத்தது. பொது உச்சரிப்பில் நிலைக்கவில்லை. அதனால் உடன்பிறந்தவர்களுள் ஒருவர் மட்டும் வேற்றுடை அணிந்து நிற்பதுபோல் ‘ஹோல்’ தனித்துப் போயிற்று. குருமடத்தில் நம் பேனா தவறவிட்டதும் இந்த ஒட்டு எழுத்தைத்தான்.

மற்றோர் உறவினரும் உண்டு. ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கர் ‘அருள்நிறைந்த மரியே’ செபத்தை ‘ஹெயில்’ என்னும் சொல்லால் தொடங்குகின்றனர். வடபுல நார்ஸ் மொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்கும் ‘நலமாயிரு’ என்பதே அடிப்பொருள். நாம் ‘வாழ்க’ என்கிறோம். அவர்கள் ‘முழு நலத்தோடு இரு’ என்கிறார்கள். கபிரியேல் தூதர் மரியாவை வாழ்த்திய அதே சொல்லைத்தான், முள்முடி சூட்டப்பட்ட ஆண்டவரை எள்ளி நகையாடிய படைவீரரும் கூறினர். கிரேக்க மூலத்திலும் இரு இடங்களிலும் ஒரே வாழ்த்துச் சொல்லே உள்ளது. ஒரு சொல் எத்துணை நல்ல குடியில் பிறந்தாலும், எவர் வாயில் எதற்காக வருகிறது என்பதே அதன் பொருளை முடிவு செய்கிறது. இதனை வாசக அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்; பின்னர் இது தேவைப்படும்.

இக்குடும்பத்தின் பெருமைக்குரிய சொல் இன்று வழக்கில் இல்லை. 10-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி நற்செய்தி நூல்கள் பழைய ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டபோது, இயேசு என்னும் திருப்பெயர் வரும் இடங்களில் ‘ஹேலெண்ட்’ என்று எழுதினார்கள். நலமாக்குபவர், முழுதாக்குபவர் என்பது அதன் பொருள். இயேசு என்னும் எபிரேயப் பெயருக்கு ‘ஆண்டவர் மீட்கிறார்’ என்று பொருள். ஆகவே அந்நாளைய துறவியருக்கு மீட்பதும் நலமாக்குவதும் ஒரே செயலாகவே தோன்றியிருக்கவேண்டும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் பிரெஞ்சுச் சொற்கள் பெருகின. மீட்பரைக் குறிக்க ‘சேவியர்’, மீட்பைக் குறிக்க ‘சால்வேஷன்’ ஆகியவை வந்து அமர்ந்தன. ஹேலெண்ட் மறைந்தார். அன்று முதல் ஆங்கிலேயர் நாவில் மீட்பு கோவிலுக்கும், நலம் மருத்துவருக்கும் எனப் பாகப்பிரிவினை ஆயிற்று. செருமானியரோ மீட்பரை இன்றும் ‘ஹைலண்ட்’ என அழைத்து அந்தப் பழைய ஒற்றுமையைக் காத்து வருகின்றனர்.

மொழிபெயர்ப்பாளர் கண்ட வரவும் செலவும்

வில்லியம் டிண்டேல் 1526-இல் அச்சிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டிலும், 1611-இல் வெளிவந்த யாக்கோபு மன்னர் மொழிபெயர்ப்பிலும் ‘ஹோல்’ என்னும் சொல் நோய் நீக்கும் நிகழ்ச்சிகளில் அடிக்கடி ஒலிக்கிறது. இதில் வரவும் உண்டு, செலவும் உண்டு.

முதலில் செலவைப் பார்ப்போம். பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணிடம் ஆண்டவர் பேசும்போது மாற்கு இரு வேறு கிரேக்கச் சொற்களை ஆள்கிறார். அவளுடைய நம்பிக்கை அவளுக்குச் செய்ததைக் கூறுமிடத்தில் ‘சோசோ’ என்னும் வினை வருகிறது. மீட்பது, காப்பது என்று அதற்குப் பொருள். நோயினின்று விடுபட்டு நலமாயிருக்குமாறு அவளை அனுப்புமிடத்தில் ‘ஹுகியேஸ்’ என்னும் சொல் வருகிறது. அது உடல்நலத்தைக் குறிப்பது. யாக்கோபு மன்னர் மொழிபெயர்ப்போ இரண்டிற்கும் ‘ஹோல்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டது. மாற்கு இரண்டு விளக்குகள் ஏற்றிய இடத்தில் ஆங்கில வாசகருக்கு ஒரு விளக்கே தெரிகிறது.

இனி வரவு. லூக்கா நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர் வருகின்றனர். அங்கே மூன்று வினைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. வழியில் பதின்மரும் தூய்மையாகின்றனர். இது முதல் வினை. அவர்களுள் ஒருவர் தாம் குணமடைந்ததைக் காண்கிறார், இது இரண்டாவது. திரும்பி வந்து காலில் விழுந்து நன்றி கூறிய அந்தச் சமாரியரிடம் ஆண்டவர் மூன்றாவது வினையைச் சொல்கிறார். மாற்கு கையாண்ட அதே ‘சோசோ’ அது. 1611-இன் மொழிபெயர்ப்பு மூன்றிற்கும் மூன்று வெவ்வேறு சொற்களைத் தந்து, மூன்றாவதற்கு மட்டும் ‘ஹோல்’ என்பதை ஒதுக்கிவைத்தது. தோல் நலமடைந்தவர் பதின்மர். முழுமை பெற்றதாகச் சொல்லப்பட்டவர் ஒருவர்.

1946-இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாடு இவ்விடத்தில் ‘ஹோல்’ என்பதை நீக்கிவிட்டு, ‘நலமாயிற்று’ எனப் பொருள்படும் எளிய சொல்லைப் போட்டது. இக்கால வழக்கிற்கு அது இசைவானதே. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. மற்ற ஒன்பதின்மரும் நலமடைந்தவர்கள்தாமே? அப்படியானால் திரும்பி வந்தவர் அவர்களைவிட எதை அதிகமாகப் பெற்றார்? எளிய சொல்லில் இதற்கு விடை கிடைக்கவில்லை. பழைய சொல்லில் கிடைக்கிறது. உடல் சீரானதோடு நின்றுவிடாமல், தம்மைத் தொட்டவரிடம் திரும்பி வந்து உறவில் நிலைபெற்றார் பத்தாமவர். மொழிபெயர்ப்பில் எளிமை ஓர் அறமே. எனினும் எளிமைக்காக மூலத்தின் ஓர் அடுக்கையே இழந்துவிடுவது பெருஞ்செலவு என்பது நம் கருத்து.

நற்செய்தியில் இச்சொல் எள்ளலோடு வரும் இடமும் உண்டு. வரி தண்டுவோருடன் ஆண்டவர் உணவருந்தியதைக் கண்டு முணுமுணுத்த மறைநூல் அறிஞருக்கு அவர் தந்த விடையில், மருத்துவர் தேவைப்படாதவர்கள் ‘ஹோல்’ ஆனவர்கள் என்று பழைய ஆங்கிலம் கூறும். அங்கே முழுமையானவர் என்பது தம்மை முழுமையானவராக எண்ணிக்கொண்டிருப்பவர் என்னும் குறிப்பை ஏற்கிறது. இவ்வாறு ஒரே சொல் ஓரிடத்தில் மீட்பாகவும், ஓரிடத்தில் உடல்நலமாகவும், மற்றோரிடத்தில் செருக்காகவும் நிற்கிறது.

கட்டிலருகே நாம் செய்த பிழை

இனி அந்த நோயாளியைப் பற்றிச் சொல்வோம். புனிதம், நலம், முழுமை ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது மறையுரைகளிலும் தியானங்களிலும் பலராலும் எடுத்தாளப்படும் செய்தி. கேட்போர் தலையசைப்பர், சொல்வோருக்கும் ஓர் அறிஞர் தோற்றம் வந்துவிடும். நாமும் பலமுறை அவ்வாறு பேசியவர்களே.

நம் பங்கில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் இருந்தார். நீரிழிவு நோயினால் புண் ஆறாமல், அவருடைய வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த காலைப் பிள்ளைகள் வாங்கிவந்து நம் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் புதைத்தார்கள். சில நாள்கள் கழித்து நாம் நற்கருணை கொண்டு சென்றபோது அவர் கேட்டார்:

“சாமி, காலை முன்னாடியே அனுப்பியாச்சு. ஆளு பின்னாடி போகணும். பாதி ஆளாத்தான் ஆண்டவர் முன்னாடி போய் நிப்பேனா?”

அப்போதுதான் ஒரு தியானத்தில் மேற்சொன்ன செய்தியைப் பேசிவிட்டு வந்திருந்தோம். அதே சூட்டில் அவருக்கும் விளக்கினோம். ஆங்கிலத்தில் புனிதம் என்றாலும் முழுமை என்றாலும் வேர் ஒன்றே; ஆண்டவர் உங்களைப் புனிதராக்குகிறார் என்றால் முழுமையாக்குகிறார் என்றே பொருள்; கவலை வேண்டாம் என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“அப்படின்னா, முழுசா இல்லாதவன் புனிதன் ஆக முடியாதுன்னு ஆயிடுதே, சாமி.”

நம்மிடம் விடையில்லை. செபத்தை முடித்து எழுந்து வந்தோம். அவர் குறைசொல்லும் நோக்கத்தோடு அதைக் கூறவில்லை. நாம் சொன்னதிலிருந்து நேராக விளைவதைத்தான் கூறினார். நாற்பது ஆண்டுகள் சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பித்தவருக்கு, ஒரு வாக்கியம் எங்கே இட்டுச்செல்லும் என்பது தெரிந்திருந்தது.

வேர் சான்றாகுமா?

பிழை எங்கே நேர்ந்தது? விவிலிய அறிஞர் ஜேம்ஸ் பார் 1961-இல் வெளியிட்ட விவிலிய மொழியின் பொருளியல் பற்றிய நூலில், ஒரு சொல்லின் வேரைக் கொண்டு அதன் பொருளையும் அதற்குமேல் ஓர் இறையியலையும் கட்டியெழுப்பும் போக்கைக் கடுமையாகக் கண்டித்தார். சொல் பொருள் தருவது வாக்கியத்திலும் வழக்கிலும் ஆகும். அதன் பாட்டனாரின் பிறப்பிடத்தில் அன்று. குருமடத்தில் இந்நூலைப் பற்றிக் கற்றிருந்தும், மறையுரை மேடையில் நாம் அதனை மறந்துபோனோம்.

ஆங்கிலேயரின் புனிதச் சொல் ‘ஊறுபடாதது’ என்னும் வேரில் பிறந்தது உண்மை. ஆனால் விவிலியம் ஆங்கிலத்தில் எழுதப்படவில்லை. புனிதத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான ‘கதோஷ்’ இறைவனுக்கென ஒதுக்கப்பட்டதைச் சுட்டுகிறது. முழுமையோடு அதற்கு வேரளவில் உறவில்லை. முழுமையைக் குறிக்க எபிரேயத்தில் வேறு சொற்கள் உண்டு. அமைதி எனப் பொருள்படும் ‘ஷாலோம்’ அக்குடும்பத்தைச் சேர்ந்தது. உளி படாத முழுக்கற்களால் பலிபீடம் எழுப்பவேண்டும் என்று இணைச்சட்ட நூல் கூறுமிடத்தில் வருவதும் அக்குடும்பச் சொல்லே. எனவே ஆங்கிலச் சொல் ஒன்றின் பிறப்பைக் காட்டி விவிலியப் புனிதத்திற்கு இலக்கணம் வகுப்பது, வேறொருவர் வீட்டுப் பத்திரத்தைக் காட்டி நம் நிலத்திற்கு உரிமை கோருவது போன்றது.

நல்ல குடியில் பிறந்த சொல் தீய செயலுக்குத் துணைபோவதும் உண்டு. ‘நலமாயிரு’ என வாழ்த்திய அதே சொல்லின் செருமானிய வடிவமே 1933-க்குப் பின் நாசி ஆட்சியின் கட்டாய வணக்கமாயிற்று. நலமும் முழுமையும் பேசிய அந்த ஆட்சி, உடற்குறையும் மனநோயும் உடையோரை வாழத் தகுதியற்றவர் என முத்திரை குத்திக் கொன்றது. மூன்ஸ்டர் ஆயர் கிளெமென்ஸ் வான் காலன் 1941-இல் மறையுரை மேடையிலிருந்தே அதனை எதிர்த்து முழங்கினார். ஊறுபடாமையே முழுமை என்று ஒரு நாடு முடிவு செய்தால் ஊறுபட்டவருக்கு என்ன நேரும் என்பதற்கு அந்தக் கொலைகளே சான்று.

இக்காலத்தில் மருத்துவத்திலும் கல்வியிலும் ‘ஹோலிஸ்டிக்’ என்னும் சொல் பெருவழக்காயிற்று. 1926-இல் ‘ஹோலிசம்’ என்னும் சொல்லைப் படைத்து நூல் எழுதியவர் தென்னாப்பிரிக்காவின் யான் ஸ்மட்ஸ். பகுதிகளின் கூட்டுத்தொகையைவிட முழுமை பெரிது என்பது அவருடைய கொள்கை. ஆனால் இவரே அந்நாட்டின் அமைச்சராகவும் பிரதமராகவும் இருந்தபோது மக்களை நிறத்தால் பிரித்துவைக்கும் கொள்கையை ஆதரித்தவர். காந்தியடிகள் அறப்போர் நடத்தியது இவர் அமைச்சராயிருந்த அரசை எதிர்த்தே. அப்போரில் சிறை சென்று, நோயுற்று, 1914-இல் பதினாறு வயதில் உயிர்நீத்தார் தில்லையாடி வள்ளியம்மை. முழுமையைப் பற்றி நூல் எழுதுவது வேறு; முழுமையில் எல்லாருக்கும் இடம் தருவது வேறு.

தழும்புகளோடு எழுந்தவர்

உபதேசியாரின் கேள்விக்கு வருவோம். பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலின் 21-ஆம் அதிகாரம், உடற்குறை உள்ளவர் பலி செலுத்த அணுகக் கூடாது என்கிறது. பழுதற்ற பலிப்பொருள், பழுதற்ற குரு என்பது அச்சட்டத்தின் போக்கு. நற்செய்தியில் காட்சி மாறுகிறது. இரு கால்களோடு நரகத்தில் தள்ளப்படுவதைவிட ஊனமுற்றவராய் வாழ்வில் புகுவது மேல் என்று ஆண்டவர் கூறுகிறார். அது மிகைப்படுத்திக் கூறும் எச்சரிக்கையே. ஆயினும் ஊனமுற்றவர் வாழ்வின் வாயிலில் தடுக்கப்படுவதில்லை என்பதும் அதில் அடங்கியுள்ளது.

எல்லாவற்றிற்கும் மேலாக யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரம் நம்முன் நிற்கிறது. சாவை வென்று எழுந்த உடலைவிட முழுமையான உடல் வேறு இருக்க இயலாது. அந்த உடலில்தான் ஆணிகளின் துளைகளும் விலாவின் காயமும் உள்ளன. அவற்றைத்தான் தோமா தொட அழைக்கப்பட்டார். இறைவன் அவற்றை மூடியிருக்கலாம், மூடவில்லை.

புனித அகுஸ்தின், ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் இறுதிப் பகுதியில் இதே கேள்வியை எடுத்துக்கொள்கிறார். வெட்டப்பட்ட உறுப்புகள் உயிர்ப்பில் திரும்பக் கிடைக்கும் என்கிறார். ஆனால் மறைசாட்சியரின் தழும்புகள் மறையாமல் மாட்சியின் அடையாளங்களாக விளங்கக்கூடும் என்றும் சொல்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாரும், உயிர்த்த ஆண்டவரின் தழும்புகள் குறைபாடு அல்ல, மாட்சியின் நிறைவே என்று விளக்குகிறார். ஆக, திருச்சபை நம்பும் முழுமை ஊறுபடாமை அன்று. ஊறுபட்டதையும் உள்ளடக்கிக்கொண்ட நிறைவு அது. ஆங்கிலச் சொல்லின் வேர் இதனைச் சொல்லாது. நற்செய்தி சொல்கிறது.

எல்லாரையும் சேர்த்து

கத்தோலிக்கம் என்னும் பெயரிலும் முழுமை உண்டு. ‘முழுமைக்கேற்ப’ எனப் பொருள்படும் கிரேக்கத் தொடரிலிருந்து அது பிறந்தது. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா இஞ்ஞாசியார் திருச்சபைக்கு இப்பெயரைச் சூட்டி எழுதினார். ஏறத்தாழ 350-இல் எருசலேம் சிரில், திருமுழுக்குப் பெற இருந்தோருக்கு இதனை விளக்கினார். உலகெங்கும் பரவியிருப்பதால் மட்டும் திருச்சபை கத்தோலிக்கமாகிவிடாது. எல்லாவகை மக்களையும் சேர்ப்பதாலும், உடலாலும் உள்ளத்தாலும் செய்த எல்லாப் பாவங்களுக்கும் மருந்திடுவதாலுமே அப்பெயர் பொருந்துகிறது என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

அத்தொடரில் உள்ள ‘ஹோலோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் ஆங்கில ‘ஹோல்’ என்பதும் ஒலியாலும் பொருளாலும் ஒத்திருப்பதால், இரண்டும் ஒன்றே என்று எண்ணுவோர் பலர். அவை உறவற்றவை. இலத்தீனில் ககர ஒலியோடு நூறைக் குறிக்கும் ‘கெந்தும்’ ஆங்கிலத்தில் ‘ஹண்ட்ரட்’ ஆவதைப்போல, ஆங்கிலச் சொல்லின் ஹகரம் பழைய ககரத்திலிருந்து வந்தது. வடமொழியில் ஏழைக் குறிக்கும் ‘சப்த’ கிரேக்கத்தில் ‘ஹெப்தா’ ஆவதைப்போல, கிரேக்கச் சொல்லின் ஹகரம் பழைய சகரத்திலிருந்து வந்தது. ‘ஹோலோஸ்’ என்பதன் உண்மையான உறவினர் இலத்தீனில் ‘சால்வுஸ்’. ஆங்கில ‘சேவியர்’ அதன் வழித்தோன்றல். வடமொழியில் அதன் உறவினர் ‘சர்வ’. நொபிலி அடிகளார் காலம் முதல் தமிழ்க் கத்தோலிக்கர் இறைவனை அழைத்த ‘சருவேசுரன்’ என்னும் பெயரில் இருப்பது அச்சொல்லே.

சில திங்கள் கழித்து உபதேசியாரை மீண்டும் காணச் சென்றோம். இடைப்பட்ட காலத்தில் அவர் கோவிலுக்கு வரவில்லை. வாசலின் மூன்று படிகளைச் சக்கர நாற்காலியில் கடக்க இயலாது. பிள்ளைகளைத் தூக்கச் சொல்லவும் அவருக்கு மனமில்லை. நாம் அன்று சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டு, அகுஸ்தினார் கூறியதையும் ஆண்டவரின் தழும்புகளையும் பற்றிப் பேசினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“நான் அதை அன்னைக்கு ராத்திரியே யோசிச்சுட்டேன், சாமி. நாங்க சின்னதுலேருந்து சருவேசுரான்னுதானே கூப்பிட்டுப் பழக்கம். சர்வத்துக்கும் ஈசுவரன்னா, கல்லறைத் தோட்டத்துல கிடக்கிற காலுக்கும் அவர்தானே ஈசுவரன்? எது எங்க கிடக்குன்னு அவருக்குத் தெரியும்.”

வேர் சான்றாகாது என்று மேலே எழுதினோம். அதிலிருந்து இப்போதும் மாறவில்லை. உபதேசியாருக்குக் கிரேக்கமும் தெரியாது, வேரும் தெரியாது. அறுபது ஆண்டுகள் நாளும் செபித்து ஒரு சொல்லின் பொருளை அடைந்தவர் அவர். நாமோ அகராதியில் ஒரு நாள் பார்த்து அடைய முயன்றோம்.

அன்று விடைபெறும்போது, கோவிலுக்கு வர இயலவில்லையே என்பதை மட்டும் அவர் வருத்தத்தோடு சொன்னார். விருந்து பற்றிய உவமையில் உடல் ஊனமுற்றோரையும் கால் ஊனமுற்றோரையும் அழைத்து வரச் சொன்ன வீட்டுத்தலைவர், தம் வீடு நிறைய வேண்டும் என்பதையே காரணமாகக் கூறினார். வந்தவர்களின் குறையைப் பற்றி அவர் பேசவில்லை. இருக்கை காலியாயிருப்பதே அவருக்குக் குறையாகத் தெரிந்தது. மூன்று படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்ட நமக்கு ஒரு வாரமே ஆயிற்று. அதற்கு முந்தைய பல ஆண்டுகள் அது நமக்குத் தோன்றவே இல்லை.

ஆங்கிலத்தில் முழுமையும் துளையும் ஒரே ஒலியில் அமைந்தது வெறும் தற்செயல். அதன்மேல் மறையுரை எதையும் கட்டப்போவதில்லை. குருமடத்து ஆசிரியர் நம் ஏட்டில் சிவப்பு மையால் சுழித்தது சரியே. ஆனால் உபதேசியார் வராத அந்த ஞாயிறுகளில் நம் திருப்பலியில் ஒரு துளை இருந்தது. நாம் அதனை முழுமை என்றே படித்துக்கொண்டிருந்தோம்.